திசைவிப் பெட்டியின் உள்ளே

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

சென்ற ஆண்டு தீபாவளிக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது, என் தந்தையார் நெய்து முடித்த சேலையை மடித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. தலைமைக் கடை சென்னையில் இருக்கிறது; காஞ்சியில் ஒரு கிளையும் ஒரு கிடங்கும் உண்டு. சேலையை எடை போட்டு, பட்டுக்கும் சரிகைக்கும் கணக்குப் பார்த்து, கணிப்பொறியில் பதிந்தால்தான் கூலிச் சீட்டு வெளியே வரும். கணக்குகள் எல்லாம் இருப்பதோ சென்னையில். அன்று இரவு ஏழு மணி வரை இருபது நெசவாளர்கள் காத்திருந்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

"ஏம்பா, பணம் வரலையா?" என்று கேட்டேன்.

"ரவுட்டருக்கு என்னமோ ஆயிடுச்சாம். அது சரியானாத்தான் பணமாம்" என்றார் அப்பா.

அடுப்படியில் இருந்த அம்மா திடுக்கிட்டு எட்டிப் பார்த்தார். "எந்த ராவுத்தருங்க? அவருக்கு உடம்புக்கு என்ன?"

அன்று வீட்டில் எல்லாரும் சிரித்தோம். ஆனால் பணம் கைக்கு வந்தது தீபாவளிக்கு முந்தின நாள் மாலையில்தான். தங்கைக்குப் பாவாடை தைக்கக் கொடுக்க நேரமில்லை. தயார்ச் சட்டை ஒன்று வாங்கிச் சமாளித்தோம். இருபது வீட்டுத் தீபாவளியை நிறுத்தி வைக்கும் அளவுக்கு அந்தப் பெட்டிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. கடைக்காரர் புதுப்பெட்டி வாங்கிய பிறகு, பழைய இரும்பு விலைக்குப் போகவிருந்த பழைய பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தேன். எங்கள் துறை ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் முன்னிலையில் அதைத் திறந்து பார்த்ததையே இங்கே எழுதுகிறேன்.

அது செய்யும் வேலை

ரவுட்டர் என்பதைத் தமிழில் திசைவி என்கிறார்கள். திசை காட்டுவது என்ற பொருளில் நல்ல சொல்தான். ஒரு கணிப்பொறியிலிருந்து புறப்படும் செய்தி முழுதாகப் போவதில்லை. அது சிறு சிறு பொட்டலங்களாக நறுக்கப்படுகிறது. ஒரு பொட்டலம் பெரும்பாலும் 1,500 பைட்டுகளுக்கு மேல் போகாது. ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் எண்களாக எழுதப்பட்டிருக்கும். திசைவி பெறுநர் முகவரியைப் படித்து, "இது இந்த வாசல் வழியாகப் போக வேண்டும்" என்று முடிவு செய்து தள்ளி விடுகிறது. அவ்வளவுதான் அதன் தொழில்.

நம் அஞ்சல் குறியீட்டு எண்ணை நினைத்துப் பாருங்கள். 1972 ஆகஸ்ட் 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஆறு இலக்க எண் அது. 631501 என்று எழுதிய கடிதம் டில்லியில் பெட்டியில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே பிரிப்பவருக்குக் காஞ்சிபுரம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. முதல் இலக்கம் 6 என்றால் தெற்கே அனுப்பு. அவருக்கு அது போதும். தமிழ்நாட்டுக்குள் வந்தபின் 631 என்ற மூன்று இலக்கங்கள் பார்க்கப்படும். அரக்கோணம், திருத்தணி, காஞ்சி எல்லாம் அந்த மூன்றில்தான் தொடங்குகின்றன. கடைசி மூன்று இலக்கங்கள் இங்கே வந்த பிறகுதான் பயன்படும். திசைவியும் இப்படித்தான் முகவரியின் முன்பகுதியைப் பார்க்கிறது. அதன் அட்டவணையில் '6' என்றும் ஒரு வரி, '631' என்றும் ஒரு வரி இருந்து, இரண்டும் பொருந்தினால், எது நீளமாகப் பொருந்துகிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். உலகிலுள்ள ஒவ்வொரு கணிப்பொறியின் முகவரியையும் மனப்பாடம் செய்யாமலே திசைவி வேலை செய்வதன் இரகசியம் இதுதான்.

மூடியைத் திறந்தால்

நிறுவனங்களில் பயன்படும் திசைவிக்கும், நம் வீட்டில் இரண்டு கொம்புகளோடு சுவரில் தொங்கும் சிறு பெட்டிக்கும் உறவு உண்டு; ஆனால் தரம் வேறு. நான் கொண்டுவந்தது கனத்த தகரக் கூடு. உயரம் 44.45 மில்லிமீட்டர். இந்த விசித்திர அளவு 1.75 அங்குலம், 19 அங்குல அகலமுள்ள இரும்புச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவதற்கு உலகம் முழுவதும் வைத்துக்கொண்ட அளவு இது. யார் தயாரித்த கருவியானாலும் யாருடைய சட்டத்திலும் உட்காரும்.

மூடியைக் கழற்றியதும் கண்ணில் பட்டது மின்னணுப் பலகை அல்ல; சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஒரு படலம். தூசியும், நம் ஊருக்கே உரிய பட்டுப் பிசிரும் சேர்ந்து மெத்தை கட்டியிருந்தன. காற்றாடி இறக்கைகள் அந்த மெத்தைக்குள் சிக்கிக் கிடந்தன. பெட்டி இருந்த இடத்தை நான் பிற்பாடு போய்ப் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு பரண். அதன் காற்றுத் துளைகளை அடைத்தபடி சேலை அட்டைப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. விளக்குகள் மினுக்கிக் கொண்டிருந்தவரை அது உயிருள்ள கருவி, அதற்கும் மூச்சுவிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தக் காற்றாடிகள் ஒரு பக்கத்திலிருந்து காற்றை இழுத்து மறுபக்கம் வெளியேற்றும். உள்ளே இருக்கும் சில்லுகளின் மேல் அலுமினியத் தகடுகள் சீப்புப் பற்கள் போல நிற்கின்றன. வெப்பம் சில்லிலிருந்து தகட்டுக்கும், தகட்டிலிருந்து காற்றுக்கும் போகிறது. காற்று நின்றால் வெப்பமும் நிற்கிறது. திசைவியில் சுழலும் பாகம் காற்றாடி ஒன்றுதான். முதலில் தேய்வதும் அதுதான். பெரிய திசைவிகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்றாடித் தொகுதியை உருவி மாற்ற வழி வைத்திருக்கிறார்கள்.

பழுது இருந்த இடம்

பழுது கிடைத்தது மின்வழங்கியில். இயற்பியல் மாணவர்களுக்கு இது பாடம் போன்ற பகுதி. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சுவர்ச் செருகியிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். நொடிக்கு 50 சுழற்சி. சில்லுகளுக்கு வேண்டியதோ 3.3 வோல்ட், 1.8 வோல்ட், சிலவற்றுக்கு ஒரு வோல்ட் அளவில் நேர்மின்சாரம். பழைய வானொலிப் பெட்டிகளில் கனமான இரும்பு மின்மாற்றியை வைத்து முதலிலேயே மின்னழுத்தத்தைக் குறைத்தார்கள். இங்கே வேறு முறை. முதலில் 230 வோல்ட்டை அப்படியே திருத்தி நேர்மின்சாரமாக்குகிறார்கள். 230-ஐ 1.414-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 325 வோல்ட். அதை ஒரு பெரிய மின்தேக்கி தாங்கிக்கொள்கிறது. பிறகு ஒரு திரிதடையம் அந்த மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகிறது. அதிர்வெண் கூடினால் மின்மாற்றியின் உருவம் சுருங்கும் என்பது நாம் படித்ததுதான். எனவே எலுமிச்சம்பழ அளவுள்ள ஒரு ஃபெரைட் மின்மாற்றியே போதுமானதாகிறது. அதிலிருந்து 12 வோல்ட் வந்து, தாய்ப்பலகையின் மேலேயே சில்லுகளுக்குப் பக்கத்தில் மீண்டும் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது.

வெளிவரும் மின்சாரத்தின் அலைகளைச் சமன் செய்ய, உருளை வடிவில் மின்பகு திரவ மின்தேக்கிகள் நிற்கின்றன. எங்கள் பெட்டியில் அவற்றில் இரண்டு தலை உப்பியிருந்தன. ஒன்றின் அடியில் பழுப்பு நிறக் கசிவு. இவற்றுக்குள் இருக்கும் திரவம் நாளடைவில் காய்கிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. பத்து ஆண்டு உழைக்க வேண்டிய மின்தேக்கி, 20 டிகிரி கூடுதல் வெப்பத்தில் இரண்டரை ஆண்டில் தளர்ந்துவிடும். மூச்சு அடைத்த காற்றாடி, ஏறிய வெப்பம், காய்ந்த மின்தேக்கி, தடுமாறிய 12 வோல்ட், மீண்டும் மீண்டும் தொடங்கி நின்ற செயலி. அந்த வரிசையின் கடைசியில் என் தந்தையாரின் கூலி நின்றது.

திறந்து பார்க்க ஆசைப்படும் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மின்வடத்தைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய மின்தேக்கியில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக் கூடும். அதைத் தகுந்த மின்தடை கொண்டு இறக்காமல் விரல் வைக்கக் கூடாது. எங்கள் பேராசிரியர் அதை இறக்கி, மின்னழுத்தமானியில் காட்டிய பிறகே என்னைத் தொடவிட்டார்.

கடைக்காரர் புதிதாக வாங்கிய பெட்டியில் இரண்டு மின்வழங்கிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து சுமையைத் தாங்கும். ஒன்று நின்றால் மற்றது முழுவதையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் இரண்டின் வடங்களையும் ஒரே செருகுப் பலகையில் செருகி வைத்திருப்பதைப் பார்த்தேன். ஒன்றை வேறு மின்சுற்றுக்கு மாற்றும்படி சொல்லிவிட்டு வந்தேன். சின்னப் பையன் சொல்கிறானே என்று நினைத்தார்களோ என்னவோ, மாற்றினார்கள்.

நான்கு நினைவகங்கள்

தாய்ப்பலகையில் ஒரு செயலியும் நான்கு வகை நினைவகங்களும் இருக்கின்றன. ஏன் நான்கு என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. மின்சாரம் வந்த கணத்திலிருந்து என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பார்த்தபோது புரிந்தது.

மின்சாரம் வந்ததும் செயலி முதலில் ரோம் என்ற நிலைநினைவகத்தைப் படிக்கிறது. "உன் உறுப்புகளைச் சோதித்துக்கொள், பிறகு இன்ன இடத்தில் போய்ப் பார்" என்ற குறிப்பு அதில் இருக்கும். அது காட்டும் இடம் ஃபிளாஷ் நினைவகம். திசைவியின் இயக்க மென்பொருள் முழுவதும் அங்கே சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதை விரித்து ராம் என்ற தற்காலிக நினைவகத்தில் பரப்புகிறது. கடைசியாக, அழியா நினைவகம் எனப்படும் என்விராமைத் திறக்கிறது. அந்தக் குறிப்பிட்ட கடைக்கு, அந்தக் குறிப்பிட்ட அலுவலகத்துக்கு என்று நிர்வாகி எழுதி வைத்த அமைப்புகள் அதில்தான் இருக்கின்றன. ஒரே தறியில் வேறு வேறு சேலை நெய்வது போல, ஒரே திசைவி வேறு வேறு இடங்களில் வேறு வேறு விதமாக நடந்துகொள்வது இதனால்தான்.

திசை அட்டவணையும், வாசலில் காத்திருக்கும் பொட்டலங்களும் ராமில் இருக்கின்றன. மின்சாரம் போனால் ராம் துடைத்த பலகை. மின்சாரம் திரும்பியதும் அட்டவணையைப் பக்கத்துத் திசைவிகளிடம் கேட்டுக் கேட்டுப் புதிதாக எழுதிக்கொள்கிறது. மின்தடைக்குப் பிறகு இணைப்பு திரும்பச் சில நிமிடங்கள் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்புறத்தில் பொட்டலங்கள் போகாத வாசல் ஒன்று உண்டு. அதற்குக் கன்சோல் என்று பெயர். வேறு எல்லா வழியும் அடைபட்டாலும் நேரடியாக ஒரு வடத்தைச் செருகித் திசைவியோடு பேசலாம். தீபாவளிக்கு முன் வந்த பழுதுபார்ப்பவர் முதலில் தேடியது இந்த வாசலைத்தான். எழுத்துகள் வந்து வந்து பாதியில் அறுந்ததைப் பார்த்தே மின்வழங்கியில் கோளாறு என்று சொல்லிவிட்டாராம். கைதேர்ந்தவர்.

67 நானோ நொடி

சிறிய திசைவியில் எல்லா வேலையையும் செயலியே பார்த்துக்கொள்கிறது. பெரியவற்றில் அது முடியாது. ஒரு வாசலில் நொடிக்கு ஆயிரம் கோடி பிட் வேகத்தில், மிகச் சிறிய 64 பைட் பொட்டலங்கள் வந்தால், நொடிக்கு 1 கோடியே 48 லட்சம் பொட்டலங்களுக்கு மேல் வரும். ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோ நொடி. அதற்குள் முகவரியைப் படிக்க வேண்டும், அட்டவணையில் தேட வேண்டும், ஆயுள் எண்ணில் ஒன்றைக் குறைக்க வேண்டும், சரியான வாசலுக்குத் தள்ள வேண்டும். சாதாரண நினைவகத்தை ஒருமுறை தொட்டுத் திரும்பவே பல பத்து நானோ நொடி ஆகிவிடும். ஆகவே இதற்கென்றே வார்த்த தனிச் சில்லுகள் இருக்கின்றன. அட்டவணை எழுதுவது, பக்கத்துத் திசைவிகளோடு பேசுவது முதலிய நிதானமான வேலைகள் செயலிக்கு. பொட்டலங்களைத் தள்ளும் அவசர வேலை தனிச் சில்லுக்கு.

தேடுதலுக்குச் சில திசைவிகள் டி-கேம் என்ற வியப்பான நினைவகத்தைப் பயன்படுத்துகின்றன. கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் காஞ்சிபுரத்துக்காரர் யார் என்று அறிய, ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்கலாம். அல்லது மேடையில் நின்று ஒருமுறை உரக்கக் கேட்டு, கை தூக்கச் சொல்லலாம். சாதாரண நினைவகம் முதல் வகை. டி-கேம் இரண்டாவது வகை. எல்லா வரிகளும் ஒரே துடிப்பில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு, பொருந்துவது கை தூக்குகிறது. ஜக்கார்டு அட்டையில் துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே நிலைகள். டி-கேமின் ஒவ்வோர் அறைக்கும் மூன்று நிலைகள்: பூஜ்யம், ஒன்று, எதுவானாலும் சரி. அந்த மூன்றாவது நிலை இருப்பதால்தான் '631, பிறகு எதுவானாலும் சரி' என்று ஒரே வரியில் எழுத முடிகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் காது கொடுப்பதால் மின்சாரச் செலவும் வெப்பமும் அதிகம், விலையும் அதிகம்.

பல அட்டைகளைச் செருகும் பெருந்திசைவிகளில், ஓர் அட்டையிலிருந்து இன்னோர் அட்டைக்குப் பொட்டலம் போக ஒரு குறுக்குவலை இருக்கிறது. நீளவாட்டில் வரும் பாதைகள், குறுக்குவாட்டில் போகும் பாதைகள், ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சொடுக்கி. பாவும் ஊடையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய தொலைபேசி நிலையங்களில் இதே அமைப்பு உலோகக் கம்பிகளால் செய்யப்பட்டிருந்தது.

வாசல்கள்

முன்புறத்தில் தெரியும் செம்புக்கம்பி வாசல்களுக்குள் சிறு மின்மாற்றிகள் ஒளிந்திருக்கின்றன. துடிப்புகள் மட்டும் காந்தப்புலம் வழியே கடந்து போகும். கம்பிக்கும் பலகைக்கும் நேரடி மின்தொடர்பு கிடையாது. வெளிக்கம்பியில் தவறான மின்னழுத்தம் ஏறினாலும் ஓரளவு தடுத்துவிடும். ஐப்பசி மழையில் அருகில் விழும் இடியை மட்டும் நம்பக் கூடாது.

தொலைவான இணைப்புகளுக்கு ஒளியிழை. கட்டைவிரல் அளவுள்ள ஓர் உலோகச் செருகியை வாசலில் நுழைக்கிறார்கள். அதற்குள் ஒரு பக்கம் லேசர், மறுபக்கம் ஒளியை மின்சாரமாக்கும் டயோடு. நெடுந்தொலைவு இழையில் ஒளி ஓடும் நடுப்பகுதியின் குறுக்களவு 9 மைக்ரான் அளவுதான். 1,310 அல்லது 1,550 நானோமீட்டர் அலைநீளம், கண்ணுக்குத் தெரியாது. தெரியாத காரணத்தாலேயே இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பது ஆபத்து. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. காஞ்சிக்கும் சென்னைக்கும் இடையேயுள்ள 75 கிலோமீட்டரைக் கடக்க அரை மில்லி நொடி கூட வேண்டாம்.

ஆர்ப்பாநெட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை

திசைவியின் பாட்டனார் 1969-இல் பிறந்தவர். அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்ற வலைக்காக, ஹனிவெல் 516 கணிப்பொறியை மாற்றியமைத்துச் செய்த அந்தக் கருவி ஓர் இரும்பு பீரோ அளவு இருந்தது. நினைவகம் 24 கிலோபைட். அந்த ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு 'லாகின்' என்ற சொல்லை அனுப்ப முயன்றார்கள். 'எல்', 'ஓ' என்ற இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்துக் கணிப்பொறி நின்றுவிட்டது. நம் நாட்டில் 1986-இல் எர்நெட் திட்டம் தொடங்கியபோது அதில் இடம்பெற்ற எட்டு நிறுவனங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் திறந்தது 1995 ஆகஸ்ட் 15-இல்.

இவ்வளவு காலமும் இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்தே வந்தன. 2024 செப்டம்பரில் சிஸ்கோ நிறுவனம், ஃபிளெக்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் தன் தயாரிப்பைத் தொடங்கியது. முதலில் செய்ய எடுத்துக்கொண்டது என்.சி.எஸ். 540 என்ற திசைவி வரிசை. கைப்பேசிக் கோபுரங்களின் போக்குவரத்தைத் திரட்டி அனுப்பும் வகையைச் சேர்ந்தது அது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஸ்ரீபெரும்புதூருக்குத்தான் வேலைக்குப் போய்வருகிறார்கள். தறியை விட்டுப் போகிறார்களே என்று என் தந்தையாருக்கு வருத்தம் உண்டு. தன் கூலியை நிறுத்தியது போன்ற பெட்டி அந்தப் பக்கத்தில் செய்யப்படுகிறது என்று நான் சொன்னபோது, "அப்போ காத்தாடியை நல்லா போடச் சொல்லு" என்றார்.

எங்கள் பெட்டிக்கு வருகிறேன். சென்னை ரிச்சி தெருவில் அதே அளவில், 105 டிகிரி வரை தாங்கும் மின்தேக்கிகள் இரண்டு வாங்கி வந்து பற்றவைத்தோம். பிசிரைத் தூரிகையால் அகற்றி, காற்றாடியை மாற்றினோம். மின்சாரம் கொடுத்ததும் மஞ்சள் விளக்கு எரிந்து, சிறிது நேரத்தில் பச்சையாயிற்று. கன்சோல் வடத்தைச் செருகிப் பார்த்தால், என்விராமில் கடையின் அமைப்பு முழுவதும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது: கிளைகளின் முகவரிகள், சென்னைக்குப் போகும் வழி, யார் யார் நுழையலாம் என்ற பட்டியல். பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால் எவர் கையிலும் சிக்கியிருக்கும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அதை அழித்தேன். மறுபடி இயக்கியபோது, திசைவி புதுப் பெட்டியைப் போல, தன்னை அமைக்கலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றது. இப்போது இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், வடக்குச் சன்னலுக்கு எதிர் மேசையில், மூடியில்லாமல் இருக்கிறது. பார்க்க விரும்புவோர் ஆய்வுக்கூட உதவியாளரைக் கேட்டுக்கொண்டு வரலாம்.